பெண்ணின் முதுகையும் கொஞ்சம் பாருங்கள்!

சென்ற இதழில் வேர்க்குருவுக்கும் வேனல் கட்டிக்கும் கைவைத்தியம் எழுதியிருந்தேன். இந்தத் தடவை பத்து, தைலம், கஷாயம் எதற்கும் மசியாத ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்து போவது. டாக்டர்கள் ஸ்கோலியோசிஸ் என்கிறார்கள். கூன் என்று நினைத்துவிடாதீர்கள். கூன் என்பது முன்பக்கமாகக் குனிந்து போவது. இது வலமாகவோ இடமாகவோ சாய்ந்து, கூடவே முறுக்கின கயிறு மாதிரி எலும்பும் கொஞ்சம் திரும்பிக்கொள்வது. விலா எலும்பு அதோடு ஒட்டியிருப்பதால் அதுவும் ஒரு பக்கம் மேடாகிவிடும்.

என் சின்ன மகளுக்கு இது இருக்கிறது. பன்னிரண்டு வயதில் தெரிய வந்தது, இப்போது பதினான்கு முடியப் போகிறது. இந்த இரண்டு வருஷத்தில் வீட்டில் நாங்கள் பழகிக்கொண்டதை எழுதினால், இதே பாதையில் நடக்கிற இன்னொரு தாய்க்கு உபயோகமாக இருக்கும் அல்லவா?

எங்களுக்கு முதலில் சொன்னவர் டாக்டர் இல்லை, துணி தைக்கிற அக்கா! பொங்கலுக்குப் பாவாடை தைக்கக் கொடுத்திருந்தோம். போட்டுப் பார்த்தால் கீழ் விளிம்பு ஒரு பக்கம் இரண்டு விரற்கடை தூக்கி நிற்கிறது. பிரித்துத் தைத்தும் அப்படியே. "அளவெல்லாம் சரியாத்தான் வெட்டியிருக்கேன். பிள்ளைக்கு இடுப்புதான் ஒரு பக்கம் ஏறியிருக்கு, பாத்துக்கோங்க" என்றார். அன்று ராத்திரியே மகளைக் குனிய வைத்துப் பார்த்தேன். மறு வாரம் திருநெல்வேலியில் எலும்பு டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

அந்தக் குனிந்து பார்க்கிற பரீட்சையை நீங்களும் செய்யலாம். 1865ல் வில்லியம் ஆடம்ஸ் என்கிற இங்கிலாந்து டாக்டர் எழுதி வைத்தது. இன்றைக்கும் பெரிய ஆஸ்பத்திரிகளில் முதலில் செய்வது இதைத்தான். காலணா செலவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, மெல்லிய உள்பாவாடையோ பெட்டிகோட்டோ போட்டு, பெண்ணை முதுகு உங்களுக்குத் தெரியும்படி நிற்கச் சொல்லுங்கள். இரண்டு பாதமும் சேர்ந்திருக்க வேண்டும், முழங்கால் மடங்கக் கூடாது. உள்ளங்கைகளைச் சேர்த்துக்கொண்டு, தரையைத் தொடப் போவது போல மெதுவாகக் குனியட்டும். நீங்கள் பின்னால் தள்ளி உட்கார்ந்து, உங்கள் கண்ணும் அவள் முதுகும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி பாருங்கள். நடுவில் ஓடுகிற தண்டுக்கு ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் தெரிகிறதா? தெரிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். நிமிர்ந்து நிற்கும்போதும் சில அடையாளங்கள் உண்டு. ஒரு தோள் உயர்ந்திருக்கும். ஒரு பக்கத்துத் தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டிருக்கும். கையைத் தொங்கவிட்டால் கைக்கும் இடுப்புக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி ஒரு பக்கம் அதிகமாக இருக்கும்.

பத்து வயதிலிருந்து பதினான்கு வரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இப்படிப் பார்த்துக்கொள்வது நல்லது. பையன்களுக்கும் வரும். ஆனால் வளைவு கூடிக்கொண்டே போவது பெண் பிள்ளைகளிடம்தான் அதிகம். இந்த வயதில் பெண்ணைக் குளிப்பாட்டிவிடுவதை நாம் நிறுத்தியிருப்போம், அவளும் கூச்சப்பட்டுக் கதவைத் தாழ் போட்டுக்கொள்வாள். வலி என்று ஒன்று இருந்தாலாவது சொல்வாள். பெரும்பாலும் வலிக்காது. தாய் கண்ணில் படாமல் வளர்வதற்கு இதைவிட வசதியான வியாதி வேறு இல்லை!

டாக்டர் முதலில் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? "பிள்ளை வயசுக்கு வந்தாச்சா?" இதற்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் திகைப்பு. அப்புறம் விளக்கினார். பெண் குழந்தை கிடுகிடுவென்று உயருகிற காலம் பூப்படைவதற்குக் கொஞ்சம் முன்னால் வருகிறது. வளைவு வேகமாகக் கூடுவதும் அப்போதுதான். பூப்படைந்த பிறகு சுமார் இரண்டு வருஷத்தில் வளர்ச்சி அடங்கும். அடங்கும்போது வளைவு குறைவாக இருந்தால் அனேகமாக அப்படியே நின்றுவிடும். 50 டிகிரியைத் தாண்டிவிட்டாலோ, பெரியவளான பிறகும் வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி என்று ஏறிக்கொண்டே இருக்கலாம். ஆக, நமக்குக் கிடைப்பது இரண்டு மூன்று வருஷம்தான். எங்கள் மகள் அப்போது பூப்படையவில்லை. அதைக் கேட்டதும் டாக்டர் முகத்தில் ஒரு ஜாக்கிரதை வந்தது.

எக்ஸ்ரே படத்தில் வளைவைக் கோணமாக அளப்பார்கள். 1948ல் ஜான் காப் என்கிற அமெரிக்க டாக்டர் சொன்ன முறை, அதனால் காப் கோணம் என்று பெயர். 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் ஸ்கோலியோசிஸ் என்றே சொல்வதில்லை. 25 டிகிரிக்குள் என்றால் நான்கிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டு வரவேண்டும். அதற்கு மேல் 40, 45 வரை, குழந்தை இன்னும் வளர்கிறது என்றால் பெல்ட். அதையும் தாண்டினால் அறுவைச் சிகிச்சையைப் பற்றி யோசிப்பார்கள். என் மகளுக்கு முதல் படத்தில் 24. நாலு மாதம் கழித்து 30. அளக்கிற கையைப் பொறுத்து மூன்று நான்கு டிகிரி முன்னே பின்னே வரும் என்றாலும், ஆறு டிகிரி என்பது சும்மா இல்லை என்று பெல்ட் எழுதிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் விசாரணைக் கமிஷன்! புத்தகப் பை பாரமா, மெத்தையில் படுத்ததா, டிவி முன்னால் கோணலாக உட்கார்ந்ததா என்று ஆளுக்கு ஒரு காரணம். ஒரு பெரியம்மா, "நீ மாசமா இருக்கையில கிரகணத்தன்னிக்கு வெளிய போனியோ?" என்று என்னையே கேட்டுவிட்டாள். சகோதரிகளே, இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். வளரும் பருவத்தில் நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கிறது. இந்த வளைவு உள்ளவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்குக் காரணம் இன்னதென்று வைத்திய சாஸ்திரத்துக்கே பிடிபடவில்லை. சில குடும்பங்களில் பரம்பரையாக வருவதுண்டு. பை சுமந்ததாலோ, கோணலாக உட்கார்ந்ததாலோ இது வருவதில்லை. தாய் செய்த பாவமும் இல்லை.

என் மாமியார், பக்கத்து ஊரில் நீவிவிடுகிறவர் ஒருவரிடம் கூட்டிப் போகலாம் என்று ஒரே பிடிவாதம். "எத்தனை பேருக்கு எலும்பு உக்கார வச்சிருக்காரு தெரியுமா?" என்றார்கள். சுளுக்குக்கு அவர் கை நல்ல கைதான், நானே போயிருக்கிறேன். ஆனால் இது பிசகின எலும்பு இல்லையே, வளைந்து வளர்ந்த எலும்பு. எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகுவதில் தப்பில்லை. முறுக்குவது, சொடக்கு எடுப்பது, முதுகில் ஏறி மிதிப்பது இதெல்லாம் கூடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அத்தையையே அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் எக்ஸ்ரேயைக் காட்டச் சொன்னேன். படத்தைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

பெல்ட் என்கிறோமே தவிர, அது இடுப்பில் கட்டுகிற துணிப் பட்டை இல்லை. உடம்பில் மாவுக்கட்டு போட்டு அச்சு எடுத்து, அந்த அளவுக்குப் பிளாஸ்டிக்கில் செய்து தருகிற ஒரு கெட்டியான சட்டை. அக்குளுக்குக் கீழே தொடங்கி இடுப்பெலும்பு வரை பிடிக்கும். மேடான பக்கத்தை உள்ளே அழுத்தும்படி திண்டு வைத்திருப்பார்கள். வளைவை நேராக்கிவிடும் என்று ஆசைப்படக் கூடாது. வளர்ச்சி முடிகிற வரைக்கும் அது கூடாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. இது புரியாமல், "இவ்வளவு நாள் போட்டும் குறையலையே" என்று பாதியில் கழற்றிப் பரணில் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. 30 டிகிரி 30ஆகவே இருந்தால் அது ஜெயம்!

எத்தனை மணி நேரம் போட வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 25 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து ஒரு பெரிய ஆராய்ச்சி செய்தார்கள், 2013ல் முடிவு வந்தது. பெல்ட் போட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 72 பேருக்கு வளைவு 50 டிகிரிக்குப் போகாமல் நின்றது. போடாமல் வெறுமனே கவனித்து வந்தவர்களில் 48 பேருக்குத்தான் அப்படி. பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆராய்ச்சியையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். பெல்ட்டுக்குள் உடம்புச் சூட்டை வைத்து நேரம் குறிக்கிற சின்னக் கருவி ஒன்றைப் பதித்திருந்தார்கள். ஒரு நாளைக்குச் சராசரி 13 மணி நேரமும் அதற்கு மேலும் போட்டிருந்த பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் தப்பித்திருந்தார்கள். எங்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது தினம் 18 மணி நேரம்.

எங்கள் புளியங்குடி வெயிலில் 18 மணி நேரம் பிளாஸ்டிக் சட்டை! நினைத்துப் பாருங்கள். முதல் இரண்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்கினோம். முதல் நாள் இரண்டு மணி, அடுத்த நாள் மூன்று மணி என்று ஏற்றிக்கொண்டே போனோம். ராத்திரிதான் கஷ்டம். மூன்றாம் நாள் ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, "எம்மா, மூச்சு முட்டுது, கழட்டிரவா?" என்று அழுதாள். கழற்றிவிட்டேன். முகம் கழுவி, மோர் குடிக்க வைத்து, அரை மணி நேரம் மொட்டை மாடியில் உலாவிவிட்டு, "இப்ப மறுபடி மாட்டிப் பாப்பமா?" என்றேன். சரி என்றாள். அதட்டி மாட்டிவிட்டால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் போட்டுக்கொள்வாள். பள்ளிக்கூடத்துக்குப் போனதும் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவாள். பிள்ளை மனசு வைத்தால்தான் இந்த வைத்தியம் நடக்கும்.

உள்ளே போடுகிற பனியன்தான் முக்கியம். கடையில் ஆண் பிள்ளைகளுக்கான கையில்லாத காட்டன் பனியன் வாங்கினேன். பெல்ட்டைவிட நீளமாக, உடம்போடு ஒட்டினாற்போல இருக்க வேண்டும். தையல் தோலில் பதியாமலிருக்க உள்புறத்தை வெளியே திருப்பிப் போட்டுவிடுவேன். சுருக்கம் விழாமல் கீழே இழுத்துவிட்ட பிறகே பெல்ட். மொத்தம் எட்டு பனியன், தினம் மூன்று செலவாகும். பாயில் மல்லாக்கப் படுத்து மாட்டினால் நன்றாகப் பொருந்துகிறது. வார் எவ்வளவு இறுக்க வேண்டும் என்று செய்து கொடுத்தவர் காட்டினார் அல்லவா, அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்துவிட்டேன். யார் மாட்டிவிட்டாலும் அந்தக் கோடு வரைக்கும்.

தோலைத் தினம் பார்க்க வேண்டும். பெல்ட் அழுத்துகிற இடம் சிவந்திருப்பது சகஜம், கழற்றி அரை மணி நேரத்துக்குள் மறைந்துவிடும். மறையாவிட்டாலோ, கொப்புளமோ புண்ணோ தெரிந்தாலோ, ஆறுகிற வரை போடாமல், செய்து கொடுத்தவரிடம் காட்டித் திண்டைச் சரி செய்துகொள்ளுங்கள். நம் கை சும்மா இருக்காது, பவுடர் போடலாமா, தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று பரபரக்கும். பெல்ட்டுக்கு அடியில் இரண்டும் ஆகாது. எண்ணெய் தோலை ஊற வைத்துவிடும், பவுடர் வேர்வையில் கட்டிபட்டு உறுத்தும். நன்றாகக் குளித்து, ஈரம் போகத் துடைத்தால் போதும். பெல்ட்டையும் தினம் ஈரத்துணியில் லேசாகச் சோப்பு தொட்டுத் துடைத்து, நிழலில் காய வைக்கவேண்டும். வெயிலில் வைக்காதீர்கள், அடுப்புப் பக்கமும் வேண்டாம். பிளாஸ்டிக் சூட்டில் கோணிக்கொண்டால் செலவழித்த பணம் அவ்வளவும் வீண். ஒட்டிக்கொள்கிற வாரில் நூலும் முடியும் சேர்ந்து பிடிப்பு விட்டுப் போகும். பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தால் சரியாகிவிடும்.

சாப்பாட்டு விஷயம் ஒன்று உண்டு. வயிற்றை அழுத்திப் பிடித்திருப்பதால் ஒரே வேளையில் நிறையச் சாப்பிட முடியாது. காலையில் இரண்டு இட்லி, பள்ளிக்கூட இடைவேளையில் இரண்டு, மத்தியானம் அளவாகச் சோறு, சாயங்காலம் பெல்ட் இல்லாத நேரத்தில் வயிறாரச் சாப்பாடு என்று மாற்றிக்கொண்டேன். ராத்திரிச் சாப்பாட்டைக் கொஞ்சமாக, சீக்கிரமாக முடித்துவிடுவாள். எலுமிச்சம்பழச் சந்தைக்குப் பேர்போன ஊரில் ஊறுகாய் இல்லாமல் இலை போடுவதா என்று அத்தைக்கு வருத்தம். ஆனால் ராத்திரி ஊறுகாயும் காரக் குழம்பும் சேர்ந்தால் பெல்ட் அழுத்தத்தில் நெஞ்சு கரிக்கிறது. சுண்ணாம்புச் சத்துக்குப் பால், கேழ்வரகு, முருங்கைக் கீரை எல்லாம் கொடுங்கள், வளருகிற பிள்ளைக்கு நல்லது. அதனால் வளைவு நிமிரும் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

எழுதக் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் தரை மட்டத்துக் கழிப்பறைதானே? பெல்ட்டோடு குந்தி உட்கார முடியாது. நடுவில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டோம். தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுவதற்குப் பதில் ஸ்டூலும் சின்ன மேஜையும். வாசலில் கோலம் போடுவது அவளுக்கு உயிர், அதைப் பெல்ட் கழற்றுகிற நேரத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

எங்கள் வீட்டுக் கணக்கு இது. காலை ஐந்தரைக்குக் கழற்றுவாள். கோலம், குளியல், உடற்பயிற்சி முடித்து ஏழு மணிக்கு மாட்டினால் சாயங்காலம் நாலு மணி வரை. நாலிலிருந்து ஏழு வரை விளையாட்டு, சாப்பாடு. மறுபடி ஏழிலிருந்து விடிய ஐந்தரை வரை. ஆகப் பத்தொன்பதரை மணி. ஒன்றரை மணி நேரம் கையிருப்பு! கல்யாண வீடு, கோயில் கொடை என்று வந்தால் அந்தக் கையிருப்பிலிருந்து செலவழிப்பாள். அவளுக்குச் சடங்கு வைத்தபோதும் அப்படித்தான். பட்டுச் சேலை கட்டி மணையில் உட்கார்ந்திருந்த மூன்று மணி நேரத்தைச் சாயங்கால விளையாட்டு நேரத்தில் கழித்துக்கொண்டாள். அவள் அப்பா எலுமிச்சை மண்டியில் கணக்கு எழுதுகிறவர். மண்டி நோட்டு ஒன்றில் வரவு செலவு மாதிரி மணிக்கணக்கு எழுதிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார். அந்த நோட்டு அவளுடையது, நான் திறப்பதில்லை. அவளாகக் காட்டினால் பார்ப்பேன். சில நாள் 14, சில நாள் 20 என்று இருக்கிறது. பரீட்சை சமயத்தில் 11 என்றுகூட ஒரு நாள் இருந்தது. அதை அழிக்காமல் எழுதி வைத்திருக்கிறாளே, அதுதான் எனக்குச் சந்தோஷம்.

பெல்ட் போட்ட பிள்ளை ஓடக் கூடாது, ஆடக் கூடாது என்று வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். கழற்றி வைத்துவிட்டு ஓடலாம், நீந்தலாம், ஸ்கிப்பிங் ஆடலாம். பெல்ட்டிலேயே கிடந்தால் முதுகுத் தசை வலுவிழக்கும். அதற்கென்றே தனிப் பயிற்சியும் இருக்கிறது. ஜெர்மனியில் காதரினா ஷ்ராத் என்கிற அம்மாள், தனக்கே வளைவு இருந்து பெல்ட் போட்டு அவதிப்பட்டவர், கண்ணாடி முன் நின்று பழகிக் கண்டுபிடித்துச் சொன்ன முறை. 1921லிருந்து மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். பள்ளமான பக்கத்துக்குள் மூச்சை இழுத்து நிரப்பி, உடம்பை நிமிர்த்திப் பிடிப்பது. பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் நேரில் கற்றுக்கொள்ள வேண்டும், புத்தகத்தைப் பார்த்துச் செய்கிற காரியம் இல்லை. ஒவ்வொரு வளைவுக்கும் ஒவ்வொரு மாதிரி. எங்கள் வீட்டு பீரோக் கண்ணாடி முன்னால் தினம் இருபது நிமிஷம் நடக்கிறது. பெல்ட்டுக்குப் பதில் இது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பெல்ட்டோடு சேர்த்துச் செய்கிற துணை.

பள்ளிக்கூடத்தில் டாக்டர் கடிதத்தோடு நானே போய்த் தலைமை ஆசிரியையைப் பார்த்தேன். சாய்மானம் உள்ள இடத்தில் உட்காரவும், மத்தியானம் ஆசிரியைகள் அறையில் பனியன் மாற்றிக்கொள்ளவும் அனுமதி கேட்டேன், உடனே கொடுத்தார்கள். பிள்ளைகள் முதல் வாரம் வயிற்றில் தட்டித் தட்டிப் பார்த்தார்களாம், கதவு தட்டுகிற சத்தம் வருகிறதென்று. "யாருன்னு கேட்டுட்டுத்தான் திறப்பேன்னு சொன்னேன்" என்று சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள். எல்லா நாளும் சிரித்துக்கொண்டு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜமுக்காளத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு பேசாமல் கிடந்த நாளும் உண்டு. அப்படி ஒரு நாளில் அவள் அக்கா போனில் இரண்டு பேரைக் காட்டினாள். ஒருவர் உசேன் போல்ட். 2009ல் பெர்லினில் நூறு மீட்டரை 9.58 விநாடியில் ஓடி உலக சாதனை செய்தவர், அவருக்கு முதுகுத்தண்டு வளைவு உண்டு. இன்னொருவர் இங்கிலாந்து ராஜ குடும்பத்து யூஜெனி. பன்னிரண்டு வயதில், 2002ல், வளைவுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். 2018 அக்டோபரில் கல்யாணத்தன்று, அந்தத் தழும்பு தெரியும்படியே முதுகு இறங்கின உடுப்பைத் தைக்கச் சொல்லிப் போட்டுக்கொண்டார். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள் என் மகள்.

கல்யாணப் பேச்சும் இந்த இடத்தில் வரத்தானே செய்யும்! "வெளிய யார்ட்டயும் மூச்சு விடாத, நாளைக்கு ஒரு இடம் வர வேண்டாமா?" என்று சொந்தக்காரர்கள் இப்போதே ஆரம்பித்துவிட்டார்கள். பதினாலு வயதுப் பிள்ளைக்கு! டாக்டரிடம் நேராகவே கேட்டேன். இம்மாதிரி வளைவு உள்ள பெண்கள் படிக்கலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்து பிள்ளை பெறலாம், பெரும்பாலும் எந்தத் தடையும் இல்லை என்றார். நாங்கள் மறைக்கவில்லை. மறைத்தால் பெல்ட்டை வெளியில் போட முடியாது. வெளியில் போடாவிட்டால் 18 மணி நேரம் ஆகாது. ஆகாவிட்டால் வளைவு கூடும். கூடினால் மறைக்கவும் முடியாது!

எல்லா வளைவும் என் மகளுடையது மாதிரி இல்லை. பிறவியிலேயே முள்ளெலும்பு சரியாக உருவாகாமல் வருவது ஒரு வகை. மூளை வாதம், தசை வியாதி இவற்றால் முதுகைத் தாங்க வலுவில்லாமல் சாய்வது ஒரு வகை. அந்தக் காலத்தில் நம் பக்கம் பார்த்த வளைந்த முதுகுகளில் பல போலியோவால் வந்தவை. 2011 ஜனவரிக்குப் பிறகு இயற்கையாகப் பரவுகிற போலியோ வைரஸால் இந்தியாவில் ஒரு பிள்ளைக்கும் அந்த வியாதி வரவில்லை, 2014ல் போலியோ ஒழிந்த நாடு என்று சான்றிதழும் கிடைத்தது. மூளை வாதம் உள்ள பிள்ளைகளுக்குப் பெல்ட்டைவிட உட்கார வைக்கிற விதம் முக்கியம். இரண்டு பக்கமும் திண்டு கொடுத்து, இடுப்பு நேராக இருக்கும்படி அமர்த்தி, அடிக்கடி படுக்கை மாற்றிவிட வேண்டும். கடையநல்லூரைத் தாண்டி ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறதே, அங்கே இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். அதை ஆரம்பித்த எஸ். ராமகிருஷ்ணன் இன்ஜினியரிங் மாணவராக இருந்தபோது, 1975ல், கடற்படை அதிகாரி தேர்வில் தவறி விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே அசைவற்றுப் போனவர். 1981ல், தனக்கு வைத்தியம் பார்த்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சஹால் பெயரை வைத்தே சங்கத்தைத் தொடங்கினார். 2020ல் பத்மஸ்ரீ விருது கொடுத்தார்கள். எங்கள் பக்கத்துத் தாய்மார்களுக்கு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மெட்ராஸ் ஓடாமல் ஒரு பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில் அது இருப்பது பெரிய ஒத்தாசை.

பெல்ட் போட்டும் வளைவு கூடிப் போகிற பிள்ளைகளும் உண்டு. அது பிள்ளையின் குற்றமும் இல்லை, உங்கள் குற்றமும் இல்லை. வேலூர் சி.எம்.சி., கோயம்புத்தூர் கங்கா போன்ற ஆஸ்பத்திரிகளில் கம்பியும் திருகாணியும் வைத்து நிமிர்த்துகிற அறுவைச் சிகிச்சை செய்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எது எதற்குச் செல்லும் என்று ஆஸ்பத்திரியிலேயே முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கவனம். ராத்திரித் தூக்கத்தைக் கலைக்கிற முதுகு வலி, கால் மரத்துப் போவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது இவற்றில் எது வந்தாலும் அடுத்த தவணை வரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போய்விட வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பழைய எக்ஸ்ரே ஒன்றையும் விடாமல் எடுத்துக்கொண்டு போங்கள். முதல் படத்தோடு வைத்துப் பார்த்தால்தான் கூடியிருக்கிறதா, நின்றிருக்கிறதா என்று சொல்ல முடியும். நான் தேதி எழுதி, பழைய காலண்டர் அட்டைகளுக்கு நடுவில் வைத்து, பீரோவுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருக்கிறேன். அடிக்கடி படம் எடுப்பது கெடுதலா என்று கேட்டதற்கு, பின்பக்கத்திலிருந்து எடுத்தால் மார்புப் பகுதிக்குக் கதிர் குறைவாகப் படும், தேவைக்கு மேல் எடுப்பதில்லை என்றார்கள். மாதம் ஒரு தடவை சுவரில் நிறுத்தி உயரம் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கை டாக்டர் ரொம்ப விரும்பிக் கேட்கிறார், உயரம் ஏறுவது நின்றால்தானே பெல்ட்டைக் குறைக்க யோசிப்பார்! எங்கள் வீட்டுச் சுவரில் ஆறு சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. முதல் பெல்ட் சின்னதாகி இரண்டாவது செய்தாயிற்று. போன படத்தில் 31 என்று எழுதியிருந்தது. 30க்கும் 31க்கும் வித்தியாசமே இல்லை என்று டாக்டர் சொன்னதும், மகள் அந்த இடத்திலேயே நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டாள். கடைசி இரண்டு தடவையாகச் சுவரில் கோடு நகரவில்லை. அடுத்த படம் ஆவணியில் எடுக்க வேண்டும்.